பட்டியலில் எத்தனையாவது?

ஆர்லின் ஸ்கோகுக்கு நீச்சல் தெரியாது. மினசோட்டாவில் திரும்பிய பக்கமெல்லாம் ஏரி. அங்கேயே பிறந்து வளர்ந்து ஐம்பத்திரண்டு வயதாகியும், ஏரி கல்லாய் உறைந்த பிறகுதான் அவர் அதன்மேல் கால் வைப்பார். மீன் பிடிக்கக் கூப்பிடும் நண்பர்களிடம், "தண்ணி கெட்டியானதும் சொல்லுங்க, வரேன்" என்பார்.

ஊர்க் கூட்டுறவின் தானியக் கிடங்கில் அவருக்கு வேலை. சோளம் ஏற்றிய லாரி வந்தால் எடை போடுவார், ஈரம் பார்ப்பார், விலை சொல்வார். ஈரம் பதினெட்டு என்றால் பதினெட்டுதான். முப்பது வருடமாக இப்படியே பேசிப் பழகிய மனிதரிடம், மகள் மாரிட் பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் மாதம் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலைக் காட்டினாள். 'உன் முன்னேற்றத்தை ஆவலோடு கவனித்து வருகிறோம்' என்று எழுதி, நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கிடங்குக்குப் போனதும் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "மாரிட்டை எடுத்துட்டாங்க. ஆவலா இருக்காங்களாம்."

எடைமேடையில் நின்றிருந்த, கூட வேலை செய்யும் லைல் காப்பியை ஒரு மிடறு விழுங்கினான். "எங்க வீட்டுப் பொண்ணுக்கும் அதே கடிதம் வந்துச்சு ஆர்லின். அவ நீச்சலை விட்டு ரெண்டு வருஷமாச்சு."

கிடங்கே சிரித்தது. அன்று தொடங்கிய குழப்பம் ஆர்லினை இரண்டரை வருடம் விடவில்லை.

மாரிட்டின் வலு, மல்லாந்து நீந்துவதில் இருந்தது. இருநூறு கஜத்தில் அவள் மாவட்டத்திலேயே மூன்றாவது. அது நல்ல மூன்றாவதா, சுமாரான மூன்றாவதா என்று ஆர்லினுக்குச் சொல்ல யாருமில்லை. பயிற்சியாளர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். சிலர் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள், ஏன் என்று சொல்லவில்லை. ஆறு மாதம் பேச்சுமூச்சில்லாமல் இருந்த ஒருவர் திடீரென்று பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் ஆர்லினின் மனைவி ஜோலீன், "இது கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி இருக்கு. ஆனா மாப்பிள்ளை யாருன்னுதான் தெரியல" என்றாள்.

பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில் பள்ளிக்கு நான்கு நாள் விடுமுறை வந்தது. அறுவடை உச்சத்தில் இருந்த நேரம். கிடங்கு வாசலில் லாரிகள் ஒரு மைலுக்கு நிற்கும். அந்த நேரத்தில் ஆர்லின் தன் வேலைக்காலத்திலேயே முதல் தடவையாக விடுப்பு கேட்டார். மூன்று கல்லூரிகளை நேரில் பார்த்து வர மூவரும் காரில் கிளம்பினார்கள்.

முதலில் அந்த ஆவலான பல்கலைக்கழகம். கோல்பி என்ற இளம் உதவிப் பயிற்சியாளர் வந்து வரவேற்றான். மைதானம் போல் விரிந்த குளத்தையும், சுவர் முழுக்கப் பதக்கம் வாங்கியவர்களின் படங்களையும் காட்டினான். கால்மணி நேரம் பேசினான். வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் வதக்கியது போல் எதுவும் கையில் பிடிபடவில்லை.

ஆர்லின் கேட்டார்: "தம்பி, எங்க பொண்ணு உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

"அவ எங்க பட்டியல்ல இருக்கா, ஆர்லின்!"

"பட்டியல்ல எத்தனாவது?"

"அது நகர்ந்துக்கிட்டே இருக்குற பட்டியல்."

"இன்னிக்கு எங்க நிக்குது?"

கோல்பி அழகாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எத்தனை ஈரம் என்று ஆர்லினின் கிடங்குக் கருவி எதுவும் காட்டாது. திரும்பிப் பார்த்தால் மாரிட்டைக் காணவில்லை. குளத்தங்கரையில், ஈரத் தரையில், கோட்டுடன் மல்லாந்து படுத்திருந்தாள். ஜோலீன் பதறிப்போய், "மயக்கமா கண்ணு?" என்று ஓடினாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்று எழுந்தவள் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் பார்த்தது செங்கல் கட்டடங்களும் மேப்பிள் மரங்களுமாய் ஒரு சின்னத் தனியார் கல்லூரி. அங்கே ஹால்வர் என்ற வயதான பயிற்சியாளர் மூவரையும் உட்கார வைத்து, காப்பியும் எலுமிச்சைக் கேக் துண்டுகளும் கொடுத்துத் தெளிவாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் குழப்பியது.

"எங்கள மாதிரிச் சின்னக் காலேஜுங்களோட போட்டிப் பிரிவுல நீச்சலுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது. விதி அப்படி. ஆனா மாரிட்டோட மார்க்குக்குப் பாதிக் கட்டணம் குறையும்."

"அவ நீந்தலன்னா?"

"அப்பவும் குறையும்."

"நீந்தினா?"

"அதே பாதிதான்."

ஆர்லின் கேக்கை மென்றபடி யோசித்தார். "அப்ப நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க, கோச்?"

ஜோலீன் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். ஹால்வர் கோபித்துக்கொள்ளவில்லை. "முப்பத்தொரு வருஷமா எங்க டீனும் இதையேதான் கேக்கறார்" என்றார். ஆர்லினுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. இங்கேயே சேர்ந்துவிட்டால் நாளைக் காலை ஊர் திரும்பிவிடலாம் என்று கூட நினைத்தார். கிளம்பும் முன் குளத்தைப் பார்க்கப் போனபோது மாரிட் மறுபடியும் கரையில் படுத்துக் கிடந்தாள். இந்த முறை ஜோலீன் ஓடவில்லை.

மூன்றாவது கல்லூரி எல்லை தாண்டி வடக்கு டகோட்டாவில் இருந்தது. குளம் பழையது, ஆறே தடங்கள். பயிற்சியாளர் ரெனாட்டா என்ற பெண். அணிப் பெண்கள் மாரிட்டை இரவு தங்கள் விடுதிக்கு அழைத்துப் போக, பெற்றோர் நெடுஞ்சாலை ஓர விடுதியில் தங்கினார்கள். காலையில் காரில் ஏறியதும் மாரிட் சொன்னாள்: "எனக்கு இதுதான்."

"எது பிடிச்சது? அந்தப் பொண்ணுங்களா?"

"அவங்க பரவால்ல. கூரை பிடிச்சது."

ஆர்லின் காரை ஓரமாக நிறுத்தினார். "கூரையா?"

"நான் மல்லாக்க நீந்துறவப்பா. நாலு வருஷம் நான் பாக்கப்போறது கூரையை மட்டும்தான். அந்தப் பெரிய எடத்துல இரும்புச் சட்டமெல்லாம் குறுக்கால போகுது. அதைப் பாத்து நீந்தினா தடம் பிரிக்கிற கயித்துல போய் முட்டிப்பேன். ஹால்வர் குளத்துல வெறும் வெள்ளை, கோடே இல்ல. இங்க பலகையெல்லாம் நேர்க்கோடு. அதைப் பிடிச்சுக்கிட்டே போயிரலாம்."

"படிப்பு?"

"அது எல்லா எடத்துலயும்தான் இருக்கே."

"கூரையைப் பாத்துக் காலேஜ் சேர்ற பொண்ணை நீ எங்கயாவது பாத்திருக்கியா, ஜோ?"

ஜோலீன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "உன் லாரியோட சத்தம் பிடிச்சுதான் நான் உன்னைக் கட்டினேன். ஓட்டு."

இது பாராட்டா, குத்தலா என்று ஊர் வரும்வரை ஆர்லினுக்கு விளங்கவில்லை.

ரெனாட்டா தொலைபேசியில் சரி என்றாள், மாரிட்டும் சரி என்றாள். அதற்கு வாய்ச் சம்மதம் என்று பெயராம். கிடங்கில் வாய்ச்சொல்லை நம்பி ஆயிரம் மூட்டை கைமாறும் என்பதால் ஆர்லின் நிம்மதியாகத் தூங்கினார். கல்லூரியிலும் இடம் கிடைத்தது. மார்ச் மாதம் செய்தி வந்தது: ரெனாட்டா வேறு மாநிலத்தில் வேலைக்குப் போய்விட்டாள். புதிதாக வருபவர் பெயர் ட்ரெவர் க்ளாஸ். அவர் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

"சொன்னவளே போயிட்டா, சொன்னது யாரோடது?" என்று ஆர்லின் கேட்டார். லைலுக்கும் தெரியவில்லை, ஜோலீனுக்கும் தெரியவில்லை. மூன்று நாள் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் மதியம், எடையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கல்லூரிக்கு அவரே போன் போட்டார்.

"என் பேர் ஆர்லின் ஸ்கோக். மாரிட்டோட அப்பா. எனக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கு எடம் இருக்கா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"இருக்கு" என்றார் க்ளாஸ். "அணியில இருக்கலாம். ஆனா எல்லாப் போட்டிக்கும் கூட்டிட்டுப் போவேன்னு சொல்ல மாட்டேன். அவளைவிட வேகமா நாலு பேர் இருக்காங்க."

ஆர்லினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு வருடத்தில் யாரும் அவருக்கு இப்படி ஒரு எண் சொன்னதில்லை. ஐந்தாவது! மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே அதைச் சொன்னார். மாரிட் முகம் சிவந்துபோனது.

"அப்பா! கோச்சுக்கு அப்பா அம்மா போன் பண்ணவே கூடாது! மானத்தை வாங்கிட்டியே!"

"அப்ப யார்தான் கேக்கறது?"

"நான் நேத்தே கேட்டுட்டேன். இதேதான் சொன்னாரு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குப் புரியாதுன்னு நினைச்சேன்."

அந்த வார்த்தை சுட்டது. ஆனால் மறுக்க வழியில்லை. ஆர்லின் நாற்காலியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மாரிட் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளில் பந்தயம், நேரம், புள்ளி என்று எழுதி விளக்கத் தொடங்கினாள். அவர் முக்கால்மணி நேரம் தலையாட்டினார். பாதிதான் ஏறியது.

மாரிட் கல்லூரியில் சேர்ந்த பிறகு நவம்பரில் முதல் போட்டி. பக்கத்து ஊர்க் கல்லூரி வந்திருந்தது. ஆர்லினும் ஜோலீனும் நான்கு மணிநேரம் கார் ஓட்டி வந்து பலகைப் படியில் உட்கார்ந்தார்கள். உள்ளே ஆவியும் குளோரின் வாடையுமாக மூச்சு முட்டியது. மாரிட் ஓரத்துத் தடத்தில் நீந்தினாள். ஆர்லின் எண்ணினார்: முதலாவது, இரண்டாவது, மூன்றாவதாக மாரிட்! எழுந்து நின்று கத்தினார். புள்ளிப் பலகையில் அவள் பெயருக்கு நேரே புள்ளி எதுவும் வரவில்லை.

"தப்பாப் போட்டுட்டாங்க" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் முறையிட்டார்.

"இல்லையே, அவ நேரத்துக்காக மட்டும் நீந்தினா. அணிக்கு இத்தனை பேருக்குத்தான் புள்ளி. மிச்சப் பேர் வந்தாலும் வராத மாதிரிதான்."

ஆர்லின் அதை ஜோலீனிடம் சொன்னார். ஜோலீன் திருப்பிச் சொல்லச் சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லும்போது அவருக்கே அர்த்தம் நழுவிவிட்டது.

இடைவேளையில் மாரிட் துண்டைப் போர்த்திக்கொண்டு, தலைமுடி சொட்டச் சொட்ட, படிவரை ஓடி வந்தாள். தன் பழைய நேரத்தில் இரண்டு செகண்ட் குறைத்திருக்கிறாளாம். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நீ மூணாவதுதானே வந்த?" என்றார் ஆர்லின்.

"இல்லப்பா. கணக்குல நான் வரவே இல்ல."

"ஆனா வந்த."

"வந்தேன்" என்று சிரித்தாள் மாரிட். அவள் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட, ஈரக்கால் தடம் பதிய அணியோடு போய் நின்றுகொண்டாள். ஆர்லின் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அப்போது குளத்தில் யாரும் நீந்தவில்லை. ஜோலீன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.