காலுவை ஏற்றிப்போன டெம்போ

முலுண்டில் நாங்கள் இப்போது குடியிருக்கும் கட்டடத்தின் வாட்ஸாப் குழுவில் மாதம் ஒரு முறையாவது நாய்ச் சண்டை வரும். லிஃப்ட் வாசலில் கிடப்பதை யாராவது படம் பிடித்துப் போட்டு, இது யார் வீட்டு நாயின் வேலை என்று கேட்பார்கள். நாய் வளர்ப்பவர்கள் அத்தனை பேரும் ஐந்து நிமிடத்துக்குள் தங்கள் நாயின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதிவிடுவார்கள். கடைசியில் பழி, காம்பவுண்டுக்குள் வந்துபோகும் தெருநாய் மேல் விழும். அதனிடம் போன் கிடையாது. நீயும் ஏதாவது எழுதேன் என்று என் கணவர் சொல்வார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நாங்கள் செம்பூரில் இருந்தோம். லிஃப்ட் இல்லாத பழைய நான்கு மாடிக் கட்டடம். எங்கள் வீடு மூன்றாம் மாடி. அப்பாவின் மேலதிகாரி வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போனபோது, ஒரு வயதுகூட ஆகாத தன் லாப்ரடாரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் ரோஜர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் வீட்டுக்குள் நாய் வளர்த்ததில்லை. அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் அதற்கென்று தனியாகச் சோறு குழைத்தாள்.

கட்டடத்தின் குடியிருப்போர் சொசைட்டி செக்ரட்டரி லேசில் சம்மதிக்கவில்லை. பொது இடத்தில் நாய் அசுத்தம் செய்தால் உடனே எடுத்துவிடுவோம் என்று அப்பா கைப்பட எழுதிக் கொடுத்தபிறகுதான் சரி என்றார். எழுதிக் கொடுத்தது அப்பா. எடுக்க வேண்டியது நான். காலையும் மாலையும் ரோஜரைக் கூட்டிக்கொண்டு இறங்கும்போது அம்மா ஒரு பழைய பேப்பரை மடித்து என் கையில் திணிப்பாள்.

முதல் பத்து நாள் ஒழுங்காக எடுத்தேன். பிறகு ஒரு மாலை, சந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள், நான் பேப்பரோடு குனிந்ததைப் பார்த்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஒருத்தன் மூக்கைப் பிடித்தான். மறுநாள் பள்ளிக்கூட பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வந்தவன் என் கையைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போனான். அதோடு எடுப்பதை விட்டுவிட்டேன். பேப்பரைக் கொண்டுபோவதை மட்டும் விடவில்லை. திரும்பும் வழியில் அந்தச் சுத்தமான பேப்பரைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைவேன். கை கழுவினியா என்று அம்மா கேட்பாள். கழுவுவேன்.

ரோஜருக்கு முனிசிபல் தோட்டத்து நடைபாதை பிடிக்கும். சறுக்குமரத்தின் கீழே இருக்கும் மணல் அதைவிடப் பிடிக்கும். ஒருநாள், நடக்க வந்தவர் ஒருவர் ஷூவைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து, இந்தியில் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் ரோஜரின் காதைச் சொறிந்துகொண்டு, அவர் என்னைத் திட்டவில்லை என்பது போல மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோட்டத்துக் காவலாளி மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

எங்கள் கட்டடத்தில் இன்னொரு நாயும் இருந்தது. இருந்தது என்றால், யாருக்கும் சொந்தமில்லை. கறுப்பாக இருந்ததால் காலு. பகலில் கேட் பக்கம் படுத்திருக்கும், மழை பெய்தால் கீழ்ப்படிக்கு அடியில் வந்து சுருண்டுகொள்ளும். வாட்ச்மேனும் இரண்டாம் மாடி மராட்டி ஆன்ட்டியும்தான் அதற்குச் சாப்பாடு போடுவார்கள். ஆன்ட்டி பள்ளிக்கூடத்து டீச்சர். வாரம் இரண்டு நாள் எனக்கு மராட்டி டியூஷனும் எடுப்பார்.

ஜூலை மாதம். மாமா வந்து தங்கியிருந்த சமயம். ஒருநாள் கோழிக்குழம்பில் மிஞ்சியதை எல்லாம், பாவம் தின்னட்டுமே என்று மாமா ரோஜருக்குப் போட்டிருந்தார். மறுநாள் மாலை அது என்னை இழுத்துக்கொண்டு படி இறங்கிய வேகத்திலேயே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் படி திரும்பும் இடத்தில், அதனால் முடியவில்லை. நின்றுவிட்டது.

என் கையில் பேப்பர் இருந்தது. அங்கே யாரும் இல்லை. கீழே, மழைக்கு ஒதுங்கிய பையன்களின் சிரிப்பு கேட்டது. வாரி எடுத்தால் அதை அவர்களைத் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும். அவர்கள் போனதும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ரோஜரை இழுத்துக்கொண்டு இறங்கி மழைக்குள் போனேன். தெருமுனைவரை போய், ஒரு கடை வாசலில் நின்றேன். பத்து நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தபோது ஆன்ட்டி படியில் உட்கார்ந்திருந்தார். வெந்தயக்கீரையும் தக்காளியும் படி முழுக்கச் சிதறிக் கிடந்தன. வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. சேலையில் கறை. வாட்ச்மேனும் முதல் மாடி அங்கிளும் அவரைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையிலும் ஆன்ட்டி என்னைப் பார்த்தவுடன் சொன்னார்:

“ஓரமா ஆ ஜா பேட்டா. வழுக்கும், பார்த்து.”

அவருக்குத் தமிழ் அவ்வளவுதான் வரும். எனக்காகக் கற்றுக்கொண்ட தமிழ்.

முதல் மாடி அங்கிள் என் கையில் நனைந்துபோயிருந்த பேப்பரைப் பார்த்தார். இந்தப் பெண்ணைப் பார், மழையிலும் பேப்பரோடு போகிறது, தெருநாய்க்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று வாட்ச்மேனிடம் இந்தியில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “காலு?” என்று கேட்டார். காலு படிக்கு அடியில் கால்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. ஏறி வரும்போது நான் அதைப் பார்த்திருந்தேன். தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் பொய் சொல்லவில்லை என்று அன்று படுக்கும்போது ஜெபத்தில் ஆண்டவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஆன்ட்டிக்கு எலும்பு முறிந்திருந்தது. விரலிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு மீட்டிங் நடந்தது. கிளம்புவதற்கு முன் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி அப்பா கேட்டார்.

“ஏட்டி, அன்னைக்கு ரோஜர் படியில ஒண்ணும் பண்ணலயே?”

“இல்லப்பா.”

“நெசமா?”

“ஆமாப்பா.”

அவ்வளவுதான். அவர் என் தலையைத் தடவிவிட்டு, வா என்று கூட்டிக்கொண்டு இறங்கினார்.

தெருநாயை அப்புறப்படுத்த வேண்டும் என்று செக்ரட்டரி ஆரம்பித்ததும், ஆன்ட்டிதான் கட்டுப்போட்ட கையைத் தூக்கினார். காலு மேலே ஏறாது என்றார். அதற்குப் படி என்றால் பயம், சப்பாத்தியைக் காட்டிக் கூப்பிட்டால்கூட முதல் படியில் முன்னங்காலை வைத்துவிட்டு நின்றுவிடும் என்றார். அப்படியானால் வேறு எந்த நாய் என்று செக்ரட்டரி கேட்டார். யாரும் எங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் திரும்பினார்கள்.

அப்பா எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை. அவருடைய இந்தியைக் கேட்டு வீட்டில் நாங்களே சிரிப்போம். அந்த இந்தியில், தான் எழுதிக் கொடுத்ததை மறக்கவில்லை என்றார். தன் மகள் ஒருநாளும் பேப்பர் இல்லாமல் நாயைக் கீழே இறக்கியதில்லை என்றார். அது உண்மை. முதல் மாடி அங்கிள், நானே பார்த்தேன் என்று ஒத்து ஊதினார்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர், பெண் அப்படிச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நான் தப்பாக நினைத்திருப்பேன் என்று சொல்லிக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதையாவது சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போது கேட்டில் டெம்போ நின்றது. கயிறும் சாக்கும் வைத்துக்கொண்டு இரண்டு பேர். அவர்களைக் கண்டதும் காலு காருக்கு அடியில் போய்விட்டது. கடைசியில் செக்ரட்டரி வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நீ கூப்பிடு, உனக்கு வரும் என்றார். வாட்ச்மேன் தயங்கினார். பிறகு உட்கார்ந்து, நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். காலு வாலை ஆட்டிக்கொண்டு நேராக அவர் கைக்கு வந்தது. எங்கே விடுவீர்கள் என்று அவர் டிரைவரிடம் கேட்டார். வாஷி தாண்டி, மார்க்கெட்டுக்குப் பின்னால் என்றான் அவன். ரயிலில் போகிற தூரம். இரண்டாம் மாடி ஜன்னலில் வெள்ளைக் கட்டு தெரிந்தது. மூன்றாம் மாடியிலிருந்து ரோஜர் விடாமல் குரைத்தது. டெம்போ போனபிறகும் நிறுத்தவில்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஸ்கூல் பஸ் வந்துவிட்டது, ஏறினேன்.

தெருநாயை அதன் இடத்திலிருந்து பிடித்து வேறெங்கோ கொண்டுபோய் விடுவது சட்டப்படியே தவறு என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரிய வேண்டியது அதைவிட எளிமையான விஷயம். அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

டியூஷன் நிற்கவில்லை. ஆன்ட்டியால் பேனா பிடிக்க முடியாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், பக்கத்தை நானே திருப்புவேன், பேனாவுக்கு நானே மூடி போடுவேன். ஒவ்வொரு முறையும் அவர் தேங்க்யூ சொல்வார். அம்மா தினமும் குழம்பும் கூட்டும் கொடுத்தனுப்பினாள். அதற்கும் தேங்க்யூ. நல்ல வீட்டுப் பெண் என்று அம்மாவிடம் என்னைப் பற்றிச் சொன்னாராம். அதைக் கேட்ட அன்று சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தேன். வயிறு சரியில்லை என்று சொல்லி ஓமத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

டெம்போ வந்த மறுநாளே எனக்குக் காய்ச்சல். அப்பாதான் காலையில் ரோஜரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அரைமணியில் வர வேண்டியவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். ஆபீசுக்கு நேரமாகலியா என்று அம்மா கேட்டாள். தோட்டத்துக் காவலாளி பேச்சுக் கொடுத்தான் என்றார். சங்கிலியை ஆணியில் மாட்டிவிட்டு, அதன்மேல் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என் கட்டில் பக்கம் வந்து காய்ச்சல் தொட்டுப் பார்த்தார்.

“இனிமே நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார். “நீ படி.”

எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. பரீட்சை வருகிறது, அப்பா இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் சந்தில் குனிந்து அள்ளுவதை அந்தப் பையன்கள் பார்க்கும்போது நான் பால்கனியிலிருந்து உள்ளே போய்விடுவேன். எங்கள் நாய் போட்டது, போடாதது என்றுகூட அவர் பார்ப்பதில்லை. கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்தார். அப்பாவுக்கு இது எதற்கு என்று வெட்கப்பட்டேன். வெட்கப்பட வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு அதற்குத்தான் வெட்கப்பட்டேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கோயிலுக்கு வரவில்லை. மூன்று வாரமோ நான்கு வாரமோ. ஆபீசில் வேலை என்றார். பூசையை விட அது என்ன வேலை என்று அம்மா முணுமுணுத்தாள், ஃபாதரே விசாரித்தார். காலையில் எங்களுக்கு முன்னாலேயே ஒரு துணிப்பையோடு ஸ்டேஷனுக்குப் போவார். மத்தியானம் சட்டை நனைந்து, செருப்பிலும் பேன்ட் விளிம்பிலும் சேறு அப்பித் திரும்புவார். ஆபீஸ் போய்வந்த உடுப்பா இது என்று அம்மா கேட்டால், மழைதானே என்பார்.

கடைசி ஞாயிறு. நாங்கள் கோயிலிலிருந்து வந்து கேட்டுக்குள் நுழையவும், அவர் ஸ்டேஷன் பக்கமிருந்து வரவும் சரியாக இருந்தது. வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்து அவரிடம், “மிலா க்யா, சாப்?” என்று மெதுவாகக் கேட்டார். கிடைத்ததா என்று. அப்பா இல்லையென்று தலையசைத்தார். வாட்ச்மேன் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

என்னப்பா கிடைக்கலை என்று படி ஏறும்போது கேட்டேன். ஒண்ணுமில்லட்டி என்றார். இரண்டாம் மாடி வந்ததும் ஆன்ட்டி வீட்டுக் கதவைப் பார்க்காமல் வேகமாக ஏறினார். நானும் அப்படித்தான் ஏறுவேன் என்பதால் அது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்து துணிப்பையை என்னிடம் நீட்டினார். உள்ளே மூன்று குளூக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டுகள். மழையில் ஓரம் நமுத்திருந்தன. ஆபீசில் கொடுத்தார்களாக்கும் என்று எனக்குச் சந்தோஷம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ரோஜருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பங்கு போட்டு, மூன்றையும் தின்று தீர்த்தேன். அப்பா கால்கூடக் கழுவாமல் எதிரே உட்கார்ந்து, நாங்கள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.