செல்வராணி டீச்சர் தேடிய மூன்றாவது இறக்கம்

பஸ் நானுஓயாவைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது செல்வராணி டீச்சரின் தம்பி சிவலிங்கத்திடமிருந்து அழைப்பு வந்தது.

"எங்க சேர் இருக்கீங்க?"

"நானுஓயா தாண்டிட்டேன் தம்பி. கொஞ்ச நேரத்துல வந்துருவேன்."

"அவசரமில்ல சேர். மெதுவா வாங்க. அக்கா போயிட்டாங்க."

மடியில் டீச்சருக்காக என் மனைவி கொடுத்துவிட்ட கஞ்சிப் பிளாஸ்க் இருந்தது. அதன் சூடு கால்சட்டை வழியாகத் தொடையில் தெரிந்தது. இறங்குவதா, தொடர்ந்து போவதா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் போனது, நானும் போனேன். பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து தோளைத் தொட்டபோதுதான் எழுந்தேன்.

கொட்டகலையில் எங்கள் பாடசாலையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் கணித டீச்சர். கணினி அறையில் அவர் செய்த இன்னொரு வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். தமிழ்ப் பாடம் எடுக்கிற எனக்கு அது பாதிகூடப் புரிந்ததில்லை. ஆனாலும் நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆளில்லை.

பாடசாலை விட்டதும் ஊருக்கு நேரடி பஸ் வரும் வரை எங்கள் இருவருக்கும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நான் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துவேன். அவர் கணினியைத் திறப்பார். பூமிக்கு வெளியே சுற்றுகிற ஒரு தொலைநோக்கி, லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளியை அளந்து அனுப்புகிறது. அந்த அளவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். ஒரு நட்சத்திரத்தின் முன்னால் அதைச் சுற்றும் கோள் கடந்து போனால், அந்த நட்சத்திரத்தின் ஒளி மிகமிகக் கொஞ்சமாகக் குறையும். திரையில் நேராகப் போகும் புள்ளிக் கோடு ஓரிடத்தில் சற்றே இறங்கி மறுபடி ஏறும். அந்த இறக்கத்தைத்தான் அவர் தேடினார். வெளிநாட்டில் இருந்த ஓர் ஆய்வுக் குழுவுக்குத் தான் கண்டதை எழுதி அனுப்புவார்.

"இந்தப் பனியிலயும் மழையிலயும் என்னத்த நட்சத்திரம் பாக்குறீங்க டீச்சர்?" என்று ஒருமுறை பாடசாலை அதிபர் கேட்டார்.

"இதுக்கு வானமே தேவையில்ல சேர். கரண்ட் இருந்தாப் போதும்," என்றார் அவர். ஆசிரியர் அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, உண்மையைத்தான் சொல்லியிருந்தார்.

இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு, பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் மகளுடைய ஜாதகத்தோடு வந்து நின்றதும் உண்டு. டீச்சர் அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். "அண்ணே, நான் பாக்குற நட்சத்திரத்துக்குப் பேரே கிடையாது. வெறும் நம்பர்தான். அதுங்களுக்கு நம்மளத் தெரியாது," என்றார். அவரும் கோபிக்காமல் தேநீரைக் குடித்துவிட்டு, நட்சத்திரத்தின் ஒளி எப்படி இறங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர் டீச்சர். அம்மா கொழுந்து பறித்தவர். தம்பி மரக்கறி லொறி ஓட்டுகிறார். டீச்சர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

முதல்முறை ஓர் இறக்கத்தைக் கண்டு அனுப்பியபோது, அது கோள் அல்ல, பக்கத்தில் இருக்கும் வேறு இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைப்பதால் வருவது என்று பதில் வந்தது. எனக்குத்தான் மனம் கசந்தது. அவர் அந்தப் பதிலை இரண்டு தடவை வாசித்தார். "இல்லைன்னு தெரிஞ்சுக்கிறதும் ஒரு வேலைதான் சேர்," என்றார். அதன்பின் என்னையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டத் தொடங்கினார். பழகாத கண் என்ன சொல்கிறது என்று பார்ப்பாராம்.

"இறங்குதா சேர்?"

"இறங்குற மாதிரித்தான் தெரியுது."

"மாதிரி வேணாம். இறங்குதா, இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் அவருக்குத் திருப்தி. தெரிந்த மாதிரிப் பேசினால்தான் பொறுக்காது.

பிறகு அந்த நட்சத்திரம் வந்தது. அதன் கோட்டில் ஓர் இறக்கம். பதினாறு மாதம் கழித்து அதே ஆழத்தில், அதே நேர அளவுக்கு இன்னோர் இறக்கம். வெளிநாட்டுக் குழுவில் இருந்த விஞ்ஞானி, இதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, மூன்றாவது தடவையும் சரியான நாளில் வந்தால் உங்கள் பெயரோடு அறிவிப்போம் என்று எழுதினார். கணக்குப்படி மூன்றாவது இறக்கம் இந்தத் தை மாதத்தில் வர வேண்டும். அந்த நாட்களில் தொலைநோக்கி வானத்தின் அதே பகுதியைத்தான் பார்க்கப் போகிறது என்று தெரிந்த அன்று, டீச்சர் கடைக்குப் போய் எல்லோருக்கும் வடை வாங்கி வந்தார். எதற்கென்று கேட்டவர்களிடம், "பசிக்குது, அதான்," என்றார்.

ஐப்பசியில் அவருக்கு வயிற்று வலி ஆரம்பித்தது. கார்த்திகையில் கொழும்பில் பரிசோதித்தார்கள். திரும்பி வந்ததும் ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுத்து, கணினி அறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வயிற்றில் இருந்த கட்டியை எனக்குக் காட்டினார்.

"இதுல 'மாதிரி' ஒண்ணுமில்ல சேர். நல்லாவே தெரியுது."

நான் படத்தை வாங்கி உறைக்குள் திரும்ப வைத்தேன். கொட்டகலை ஸ்டேஷனில் அவரைச் சிகிச்சைக்காகக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிடுவதற்கும், திரும்பி வரும்போது பையை வாங்கிக்கொள்வதற்கும் மேலாக என்னால் எதையும் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பை இலேசாகிக்கொண்டே வந்தது.

தை மாத அளவுகள் பொதுப் பார்வைக்கு வர பங்குனி ஆகிவிட்டது. அதற்குள் அவர் நுவரெலியாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். எதைத் திறப்பது, எந்த எண்ணைத் தட்டுவது என்று வரிசையாக ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். நான் கணினி அறையில் அதன்படி ஒவ்வொன்றாகச் செய்தேன். புள்ளிக் கோடு திரையில் வந்தது. இடமிருந்து நேராகப் போய், நடுவில் அறுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கியது. டீச்சர் குறித்துத் தந்த நாள் அந்த அறுந்த இடத்தில் இருந்தது.

நான்தான் தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். கணினிப் பாட ஆசிரியர் பிரதீபனை அழைத்தேன். அவர் மூன்று தடவை செய்து பார்த்தார்.

"நீங்க செஞ்சது சரிதான் சேர். அந்த நாளுக்கு டேட்டாவே இல்ல."

சேர்த்து வைத்த அளவுகளை அனுப்புவதற்காகத் தொலைநோக்கி பூமிப் பக்கம் திரும்புமாம். அந்த நேரத்தில் அது எந்த நட்சத்திரத்தையும் பார்ப்பதில்லை. பதினாறு மாதம் காத்திருந்த நாள் அதற்குள் போய் விழுந்துவிட்டது. கோபித்துக்கொள்ளக்கூட ஓர் ஆள் இல்லை.

மறுநாள் மதியம், நோயாளரைப் பார்க்க விடும் நேரத்தில் போனேன். கட்டிலருகே உட்காரும் முன்பே கேட்டார்.

"வந்துருச்சா சேர்?"

"வந்துருச்சு டீச்சர்."

"இறங்குதா?"

அவர் முகம் கையளவுக்குச் சுருங்கியிருந்தது. கண்கள் மட்டும் பழையபடி இருந்தன. பஸ்ஸில் வரும்போது உண்மையைச் சொல்வதற்கு நான் வாக்கியங்களைத் தயார் செய்திருந்தேன்.

"இறங்குது டீச்சர்," என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "எத்தன மணி நேரம்?"

நான் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஆழம் முந்தின ரெண்டு மாதிரியேவா?"

"அது... சரியாப் பாக்கல டீச்சர்."

ஆஸ்பத்திரி வாட்டில் யாரோ தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"இடைவெளியில மாட்டிக்கிச்சா?"

தலையை அசைத்தேன். அழக்கூடாது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் கையை நகர்த்தி என் மணிக்கட்டின்மேல் வைத்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"இறங்கிச்சுன்னு அவங்களுக்கு எழுதிடாதீங்க சேர்."

"இல்ல டீச்சர்."

"சாப்பிட்டு வந்தீங்களா?"

நாங்கள் பேசிய கடைசி வார்த்தைகள் அவைதான். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் கஞ்சியோடு அந்தப் பஸ்ஸில் போனேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் வெளிநாட்டு விஞ்ஞானிக்கு எழுத உட்கார்ந்தேன். என் ஆங்கிலம் அவ்வளவு நல்லதல்ல. 'குறித்த நாளுக்கு அளவுகள் இல்லை. செல்வராணி காலமாகிவிட்டார்' என்று எழுத இரண்டு மாலைகள் பிடித்தன. அவர் உடனே பதில் போட்டார். தமக்கும் இடைவெளி பற்றித் தெரியும் என்றும், எப்படிச் சொல்வதென்று தயங்கிக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார். அடுத்த இறக்கம் வரவேண்டிய நாளில் தொலைநோக்கி எந்தப் பக்கம் பார்க்கும் என்று இன்னும் முடிவாகவில்லை. டீச்சர் கண்டது உண்மையில் ஒரு கோள்தானா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. என்னால் நிச்சயமாக முடியாது. டீச்சர் எழுதித் தந்த அந்தத் தாளை வைத்துக்கொண்டு தனியாகச் செய்து பார்த்தேன். கோடு வருகிறது. அதைப் படிக்கத் தெரியவில்லை.

அவரை நினைவுகூர்ந்து நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். வாழ்நாளில் ஒருவரிடம் நான் சொன்ன மிகப் பெரிய பொய்யை, சாகக் கிடந்த அவர் இரண்டு கேள்விகளில் கண்டுபிடித்தார். பிறகு என் மணிக்கட்டில் கை வைத்து, நான் பட்டினியாக வந்தேனா என்று விசாரித்தார். அந்தக் கையின் பாரம் என்னிடம் இருக்கிறது.