தேடாமலே சொன்ன ‘இல்லை’

கணினித் திரையில் ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்ற வரியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில், விசைப்படகுகளைப் பதிவு செய்யும் ஓர் அலுவலகத்தில் நான் ஒப்பந்தக் கணினி ஆபரேட்டராக இருந்தேன். பழைய பதிவேடுகளையெல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டிருந்தோம். படகு எண்ணை அடித்தால் ஆவணம் வந்து நிற்கும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். எல்லை தாண்டியதாகச் சொல்லி அவர்கள் படகை அண்டை நாட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். அசல் பதிவுப் புத்தகமும் படகோடு போய்விட்டது. படகு தங்களுடையதுதான் என்று காட்டும் நகல் வெள்ளிக்கிழமைக்குள் வக்கீல் கையில் சேராவிட்டால் படகு திரும்பாது. எண்ணை அடித்தேன். முடிவுகள் எதுவும் இல்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அதே பதிலைச் சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமை அக்கா மறுபடி வந்து நின்றபோது சூப்பிரண்டெண்ட் நாற்காலியை விட்டு அசையாமல் என்னிடம் சொன்னார்: “பதிவே பண்ணிருக்க மாட்டாங்கம்மா. இருந்தா கம்ப்யூட்டர்ல வராதா?”

“அப்ப வருசா வருசம் இதே ஆபீஸ்ல வந்து புதுப்பிச்சிட்டுப் போனமே, அது என்னங்க?” என்றார் அக்கா.

அவரை முதலில் பொய்க்காரி ஆக்கியது என் வாய்தான்.

அவர் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கண்டிப்பாக இருக்கிற ஒன்றைத் தேடிப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. முந்தின வாரம் என் கையால் ஏற்றிய ஒரு படகின் எண்ணை அடித்தேன். அதுவும் இல்லையாம்! கோப்பு என் கண்ணெதிரே கிடக்கிறது.

அமைப்புகளைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்தக் கணினி கோப்புகளுக்குள் போய்த் தேடுவதே இல்லை. முன்கூட்டித் தயாரித்து வைத்த தேடுபட்டியல் ஒன்றைத்தான் புரட்டுகிறது. தினமும் இரவு எட்டு மணிக்கு அந்தப் பட்டியல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நாங்களோ மாலை ஐந்தே முக்காலுக்கு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறோம்! ஒரு நாள் வயர் புகைந்ததிலிருந்து அப்படித்தான். சூப்பிரண்டெண்ட் கையெழுத்திட்ட உத்தரவு சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒட்டியிருந்தது. அதற்குப் பின் நாலு மாதமாக ஏற்றிய ஒரு கோப்புகூடப் பட்டியலில் சேரவில்லை.

‘இன்னும் பார்க்கவில்லை’ என்று அந்தத் திரை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? பார்க்காமலே இல்லை என்று அடித்துச் சொல்ல இதற்கு யார் கற்றுக்கொடுத்தது? எங்களைப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும்.

பட்டியலைப் பகலிலேயே முதலிலிருந்து ஓடவிட்டேன். சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு அக்காவின் படகுப் பதிவு திரையில் வந்தது, வருடா வருடம் புதுப்பித்த முத்திரைகள் அத்தனையோடும். “சரி, குடுத்தனுப்பும்மா” என்றார் சூப்பிரண்டெண்ட். நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

அக்கா நகலை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“திங்கக்கெழம எனக்குப் பின்னாடி ஒரு பெரியவர் நின்னாரு தங்கச்சி. அவரையும் இல்லைன்னுதான் அனுப்புன. அவருக்குச் சொல்லிட்டியா?”

அவர் எந்த ஊர் என்றுகூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.