சிவப்பு நாய்க்குப் பத்து நாள்

தோல் கிடங்கில் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு தாராவிக்குப் போனால் நாற்றம் பழக ஆறு மாதம் ஆகும் என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு ஒரே மாதத்தில் பழகிவிட்டது. கிடங்கு நாய்களைப் பற்றித்தான் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அறுபதுகளின் நடுவில், ஒரு மே மாதக் கடைசி. எனக்கு ஐந்தாம் மாதம். வீட்டுக்காரருக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. அவரே வந்து சாப்பிட்டுப் போகலாம், கிடங்குக்கும் எங்கள் குடிசைக்கும் இருநூறு அடிகூட இருக்காது. ஆனால் எனக்கு வீட்டில் உட்கார முடியாது. ‘நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை’ என்று பக்கத்து வீட்டு மதினி என்னைப் பார்த்துத்தான் சொல்வாள். அந்தப் பழமொழியை அதற்கப்புறம் அவள் சொல்வதில்லை.

கிடங்குத் தொட்டிகளில் ஆவாரம்பட்டைச் சாற்றில்தான் தோல் ஊறும். அந்தச் சாறு பட்டது எதுவும் சிவந்துவிடும். என் வீட்டுக்காரரின் பாதம் இரண்டும் மருதாணி வைத்த கல்யாணப் பெண்ணின் பாதம் மாதிரி இருக்கும், நான் கேலி செய்வேன். சாறு இறங்கிய சக்கையைக் கிடங்கின் பின்பக்கம் மலையாகக் கொட்டியிருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்தக் குவியல் ஈரமாய்ச் சில்லென்று கிடக்கும். தோலிலிருந்து சீவிப்போட்ட சவ்வைத் தின்றுவிட்டு நாய்கள் அதில்தான் படுக்கும்.

அன்றைக்கு அந்தக் குவியலைச் சுற்றிப் போனேன். குரைக்கிற சத்தம்கூட இல்லை. பின்னங்காலில், கெண்டைச் சதையில், சுருக்கென்றது. தூக்குச்சட்டி கைநழுவி விழுந்து சோறெல்லாம் மண். திரும்பினால் ஒரு சிவப்பு நாய் தலையைக் குனிந்துகொண்டு போகிறது. ஓடவில்லை, நடந்து போனது. அந்த நடைதான் எனக்குப் பிறகு எத்தனையோ நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

மதினி மிளகாய்ப்பொடியையும் சுண்ணாம்பையும் குழைத்துக் கடிவாயில் அப்பினாள். நான் போட்ட கூப்பாட்டில் கிடங்கு ஆட்கள் கம்போடு வந்துவிட்டார்கள். அடித்துக் கொல்லப் போனவர்களை என் வீட்டுக்காரர்தான் தடுத்தார். முதலில் ஆஸ்பத்திரி என்று சொல்லி, பஸ் ஏற்றி, தாதரைத் தாண்டி இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

மராத்திக்கார டாக்டர். மிளகாய்ப்பொடியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார், சோப்புப் போட்டுக் குழாயடியில் வெகுநேரம் கழுவச் சொன்னார். அப்புறம் இரண்டு காரியம் சொன்னார். இன்றைக்கே ஊசியைத் தொடங்கு, தினம் ஒன்றாகப் பதினான்கு, வயிற்றில். நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார், அது நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திவிடலாம். இந்தியில் சொன்னதை வீட்டுக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். வயிற்றில் என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பிள்ள இருக்கிற வயித்துலயா? நான் போட மாட்டேன்” என்றேன்.

“போடணும்னு சொல்லுதாருட்டி.”

“அவருக்கென்ன, சொல்லுவாரு. நாயப் பாத்துக்கிடுவோம். பத்து நாளுதான? நல்லா இருந்தா எனக்கெதுக்கு ஊசி?”

எங்கள் சந்திலேயே ஒருத்தர் நாய்க்கடி ஊசி போட்டுக் கால் இரண்டும் மரத்து, மூன்று மாதம் படுக்கையில் கிடந்தவர். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருமோ என்னவோ, அது எங்கள் சந்தில் வந்திருந்தது. ஊசி இலவசம்தான். ஆனால் பதினான்கு நாள் பஸ், பதினான்கு நாள் வரிசை, கூடவே அவருக்குப் பதினான்கு அரைநாள் கூலி போகும். இதையெல்லாம் அவர் யோசித்திருப்பார். நான் யோசித்தது வயிற்றை மட்டும்தான். டாக்டர் சொன்ன இரண்டில் எங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சாயங்காலம் குவியலிலிருந்து ஒரு சிவப்பு நாயைக் கயிறு போட்டு இழுத்துவந்தார்கள்.

“இதானா? நல்லாப் பாத்துச் சொல்லு” என்றார் வீட்டுக்காரர்.

“இதேதான்” என்றேன். பளிச்சென்று சொன்னேன். அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. வாலாட்டுகிற நாய்க்கு வெறி இருக்காது என்று என் மனசுக்கு வேண்டியிருந்தது, வாய் அதைச் சொல்லிவிட்டது.

குடிசை வாசல் கம்பத்தில் கட்டினோம். அன்றிலிருந்து ஆரம்பித்தது என் பத்து நாள். விடிந்ததும் முதல் வேலை, அலுமினியத் தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு அது குடிக்கிற வரைக்கும் நிற்பது. வெறிநாய் தண்ணீர் குடிக்காது என்பார்கள். அது நாக்கை நீட்டி நக்கும். வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, “குடிச்சிட்டு” என்பார். நான் கரியை எடுத்துச் சுவர்த் தகரத்தில் ஒரு கோடு இழுப்பேன். கோடு போட்டபின் பகல் முழுவதும் என்ன செய்வது? உட்காருவேன், எழுந்திருப்பேன், நாயைப் போய்ப் பார்ப்பேன். அது கொட்டாவி விட்டால் வாய் ஏன் இப்படித் திறக்கிறது என்று பயம். தூங்கினால் ஏன் தூங்குகிறது, தூங்காவிட்டால் ஏன் முழிக்கிறது. அடுப்பில் குழம்பு எத்தனை நாள் தீய்ந்தது என்று கணக்கில்லை.

அதற்குப் பாலும் பாவ் ரொட்டியும், எனக்குப் பத்தியம். நாய்க்கடிக்கு மீன், கறி, கத்தரிக்காய் எதுவும் ஆகாதாம். “கடிச்சதுக்கு விருந்து, கடி வாங்கினவளுக்கு ரசஞ்சோறு. நல்லா இருக்கு உங்க நியாயம்” என்று மதினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சலில் அவளோடு ஒருநாள் பேசவே இல்லை.

நான்காம் நாள் முனிசிபாலிடி நாய் வண்டி வந்தது. இரண்டு ஆட்கள், கையில் இடுக்கி. என் நாயின் கழுத்தில் அதை மாட்டப் போனார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றேன்.

“யே குத்தா மேரா ஹை!” இது என் நாய் என்றேன்.

“பில்லா கிதர்?” என்றான் ஒருவன். லைசென்ஸ் வில்லை எங்கே என்கிறான். அதற்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த இந்தி அத்தனையும் அன்றைக்கு வெளியே வந்தது, தெரியாததும் வந்தது. பாதி திருநெல்வேலித் தமிழிலும் பாதி பம்பாய் இந்தியிலும் நான் வைத வசவில் அவன் பயந்தானோ, வயிற்றுப்பிள்ளைக்காரி என்று இரங்கினானோ, இடுக்கியை இறக்கிவிட்டான். வீட்டுக்காரர் அன்றே தோல்வார் ஒன்று அறுத்து அதன் கழுத்தில் பட்டையாகக் கட்டினார். என்னைக் கடித்த நாயை நானே பெற்ற பிள்ளை மாதிரி காப்பாற்றினேன் என்று சந்தே பேசியது. எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறாம் நாள் விடியற்காலை மழை பிடித்தது. அந்த வருஷத்து முதல் மழை, தகரத்தில் காது செவிடாகும்படி கொட்டியது. விடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கம்பத்தில் வேறொரு நாய் நின்றது. வெள்ளை நாய், முதுகில் ஒரு கறுப்புத் திட்டு. கழுத்தில் நாங்கள் கட்டிய தோல்வார்.

அதன் காலடியில் சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 

மழையிலேயே ஓடினோம், அவர் முன்னால், நான் பின்னால். சக்கைக் குவியலை ஒட்டிய தாழ்வாரத்தில் நாய்கள் நனைந்துபோய் நின்றன. ஒன்று முழுக் கறுப்பு. ஒன்று சாம்பல். ஒன்று வரிவரியாக. சிவப்பு நாய் என்று ஒன்று தாராவியிலேயே இல்லை. நேற்றுவரை அத்தனையும் சக்கைச் சாயத்தில் சிவப்புத்தான். தினம் அந்தச் சிவப்புப் பாதத்தைக் கழுவித் துடைக்கிற எனக்கு இது தெரியாமல் போனது. கிடங்கிலேயே கிடக்கிற அவருக்கும் தோன்றவில்லை.

“மொத்தம் அஞ்சு நாய்ல்லா கிடக்கும்?” என்று அவர் கிடங்குக் காவல்காரரைக் கேட்டார்.

“ஒரு நாய ரெண்டு நாளாக் காணும். காடிப் பக்கம் போச்சு.” காடி என்றால் கழிமுகத்துச் சேறு. கட்டியிருந்ததையும் சேர்த்து எண்ணினால் நான்கு. ஐந்தாவது ஏன் போனது, செத்ததா, இருக்கிறதா, யாருக்கும் தெரியவில்லை.

அங்கிருந்தே அவர் என்னை ஈரச் சேலையோடு பஸ் ஏற்றினார். அதே டாக்டர். ஆறு நாள் என்ன செய்தாய் என்று கத்தினார். நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வயிற்றைக் காட்டி அழுதேன். அவர் குரல் இறங்கியது. ஊசியில் கொஞ்சம் ஆபத்து உண்டு, நாயில் முழு ஆபத்து, நோய் வந்தபிறகு எங்களிடம் மருந்தே கிடையாது, நீயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார். இதை வீட்டுக்காரர் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கே புரிந்தது.

மலையாளி நர்ஸ் வயிற்றுத் தோலை ஓரமாகப் பிடித்துத் தூக்கி ஊசியை இறக்கினாள். பெரிய ஊசி. உள்ளே பிள்ளை ஒரு உதை உதைத்தது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான், நான் பல்லைக் கடிப்பேன், அது உதைக்கும். உதைக்காத ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து உதைத்தது, எழுந்து வந்தேன். முதல் நான்கு நாள் அவர் கூட வந்தார், மேஸ்திரி முணுமுணுக்க ஆரம்பித்ததும் தனியாகப் போனேன். வயிறு முழுக்கக் கன்றிப்போய்க் கட்டிகட்டியாகத் தடித்திருந்தது. கால் மரத்தால் ஊசி செய்த வேலை, மரக்காவிட்டாலும் நாய்ப் பயம் பாக்கி என்று தினம் பாதத்தைக் கிள்ளிப் பார்ப்பேன்.

கட்டிப்போட்ட பத்தாம் நாள் அந்த வெள்ளை நாயை அவிழ்த்துவிட்டோம். அது நேராகக் குவியலுக்குப் போய்ப் புரண்டது.

பதினான்கு ஊசி முடிந்தும் நிம்மதி வரவில்லை. மாதக்கணக்கில் கழித்துக்கூட வருமாம் அந்த நோய். ஆனால் அந்த நாட்களில் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. சொந்தத் தாகத்துக்குக்கூட எழுந்து தண்ணீர் மொள்ளாத என் வீட்டுக்காரர், தினம் விடிந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். “குடி” என்பார். குடித்து முடிக்கும்வரை நிற்பார். அப்புறம்தான் கிடங்குக்குக் கிளம்புவார். வயிற்றுப்பிள்ளைக்காரி மேல் இவ்வளவு கரிசனமா என்று மனசுக்குள் பூரித்துக்கொண்டேன். மதினியிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

புரட்டாசியில் என் மகள் வீட்டிலேயே பிறந்தாள். மதினிதான் சேனை வைத்தாள், சீனித் தண்ணீரை விரல் நுனியில் தொட்டுக் குழந்தையின் நாக்கில். முதல் துளி கடைவாயில் வழிந்துவிட்டது. குழந்தை முகத்தைத் திருப்பி வீரிட்டது. வாசலில் நின்ற அவர் தடதடவென்று உள்ளே வந்துவிட்டார், பிள்ளை பெற்ற அறை என்றுகூடப் பார்க்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

“இன்னொரு சொட்டு வையிங்க, மதினி” என்றார்.

இரண்டாவது துளியைக் குழந்தை சப்புக்கொட்டி விழுங்கியது.

“குடிச்சிட்டா” என்றார்.

அதே குரல். தினம் காலையில் பல் விளக்கிக்கொண்டே நாயைப் பார்த்துச் சொன்ன அதே குரல். நான்கு மாதமாக என் கையில் அவர் கொடுத்த தம்ளர் எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சுவரில் சாய்ந்து, சிவந்த பாதங்களை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் தாகமாக இருந்தது. தண்ணீர் கேட்டேன்.