வாங்கப் போன மவுண்டன் சைக்கிள்

பழைய மவுண்டன் சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிற என் கிறுக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். இன்று காலை வல்லம் வடகாலுக்கு ஒன்றைப் பார்க்கப் போனேன். ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்தவர் ஒரு பெண்.

என்னைப் பார்த்ததும், "உங்க வூட்டுக்காரருக்குன்னு நெனச்சேன். நீங்களாக்கா ஓட்டப் போறீங்க?" என்றார்.

முப்பது வருஷத்து ஸ்டீல் ஃபிரேம். துளி துரு இல்லை. பேசி முடித்து வண்டியை வாசலுக்கு உருட்டி வந்தபோது, நைட் ஷிஃப்ட் முடிந்து அவர் கணவர் வந்து நின்றார். அவருக்கு விஷயமே தெரியாது.

"வித்துட்டியா?"

"ஆறு வருஷமா படிக்கட்டுக்குக் கீழதான் கீது. ஒரு நாளாவது தொட்டியா நீ?"

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் திரும்பி, "ஒரே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து குடுத்துடறேங்க" என்று சொல்லி யூனிஃபார்மோடு ஏறிப் போனார்.

நாங்கள் டீ குடித்து முடித்தும் ஆளைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வல்லக்கோட்டை ரோட்டில் செயின் அறுந்துவிட்டதாம். சட்டையெல்லாம் வியர்வை, கையெல்லாம் கிரீஸ். முகம் முழுக்கச் சிரிப்பு.

மனைவி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இத குடுக்க மனசு வரல" என்றார்.

எனக்கு ஏமாற்றம்தான். இருந்தாலும் பையில் கருவி இருந்ததால், அங்கேயே உட்கார்ந்து செயினைக் கோத்துக் கொடுத்தேன்.

"ஞாயித்துக்கிழம எங்க ஓட்டுவீங்க? நானும் வரட்டா?" என்று கேட்டார் கணவர்.

வாங்கப் போன வண்டியை ரிப்பேர் பார்த்துக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பியவள் நான் மட்டும்தானா, இன்னும் யாராவது இருக்கிறீர்களா?