கேமரா இல்லாத பெட்டி

ஜரினா அக்கா உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் குடியிருக்கிறார். திருமழிசையில் ஒரு ரப்பர் கம்பெனியில், பழுதான வாஷர்களைப் பொறுக்கித் தள்ளும் வேலை. நின்றுகொண்டே செய்கிற வேலை. கம்பெனி வேனில் இடம் இருந்தாலும் கதவோரம் நின்றுதான் வருவார். சோற்றுத் தட்டோடு அடுப்புக்கும் வாசலுக்கும் நடப்பார். கேட்டால், "உக்காந்தா கண்ணு சொருவுதுப்பா" என்பார்.

கல்யாண வீட்டுப் பாயில் மட்டும் சம்மணம் போட்டு உட்கார்வாராம். நான் பார்த்ததில்லை. அந்த அறைக்குள் ஆண்கள் போவதில்லை. அவர்கள் சொந்தத்தில் நலங்கு அன்று பெண்கள் ஏசல் பாடுவார்கள். பெண் வீட்டுப் பக்கம் ஒருத்தி மாப்பிள்ளை வீட்டைக் கிண்டலடித்து ஒரு வரி எடுத்துவிட்டால், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் இன்னொருத்தி அந்த மெட்டிலேயே பதில் வரி கட்ட வேண்டும். யாரும் எழுதி வைத்துக்கொண்டு பாடுவதில்லை. வாயில் வருகிற நேரத்தில் வருவதுதான். யார் வீட்டுக் கல்யாணமானாலும் ஒரு பக்கம் ஜரினா அக்கா, எதிர்ப்பக்கம் ஷாகிதா.

ஷாகிதாவின் கணவர் ஜாகிருக்கு ஓமானில் டிரைவர் வேலை. குடும்பத்தோடு வந்து இருக்கலாம் என்று இப்போது விசா கிடைத்துவிட்டது. அவர்கள் சொந்தத்தில் ஷர்மிளா என்ற பெண்ணின் நலங்கு ஞாயிற்றுக்கிழமை. ஷாகிதாவுக்குச் செவ்வாய்க்கிழமை விமானம். இனி இருவரும் சேர்ந்து பாடப்போவது இந்த ஒருமுறைதான். அதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஒரு தவிப்பு பிடித்துக்கொண்டது.

"போன்லயே பண்ணலாமே அக்கா" என்றேன்.

"போன எடுத்தா பாட்டு நின்னுடும். போன வருசம் எவளோ வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா. பொண்ணோட மாமனார் வரைக்கும் பாத்துட்டாரு. அதுலருந்து வாசல்லயே பை ஒண்ணு வெச்சி எல்லார் போனையும் வாங்கிடுறாங்க. கேமரா இல்லாத பெட்டியா ஒண்ணு வோணும். சத்தத்த மட்டும் புடிக்கணும்."

அப்படித்தான் அம்பத்தூரில் தமிழரசு கடைக்குப் போனோம். கல்யாண வீடியோ எடுப்பவர். பழைய சாமான்களும் விற்பார். ரெக்கார்டர் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பெரியது, தோளில் மாட்டுகிற மாதிரி. இன்னொன்றின் தலையில் இரண்டு மைக்குகள் கொம்பு போலக் குறுக்கே நின்றன. மூன்றாவது உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பட்டை.

"கொம்பு வெச்சத எடுத்துக்கோங்கம்மா. ரெண்டு பக்கத்து சத்தமும் தனித்தனியா உழும். காத்து அடிச்சா இத மாட்டிக்கலாம்" என்று ஒரு மயிர்க் குல்லாயை எடுத்து அதன் தலையில் கவிழ்த்தார்.

"இன்னா நைனா இது, முயல்குட்டியாட்டம் கீது?" அக்கா அதைத் தடவிப் பார்த்தார். "இத நடுவுல வெச்சா எவளும் பாட மாட்டா. பேட்டிதான் குடுப்பா."

கடை வாசலிலேயே மூன்றிலும் பதிந்து பார்த்தோம். பேருந்தின் ஹாரன், ஜூஸ் கடை மிக்ஸி, யாரோ யாரையோ திட்டியது. கொம்பு வைத்ததில் திட்டு இடக்காதிலும் மிக்ஸி வலக்காதிலும் தெளிவாகக் கேட்டன. சின்னதில் எல்லாமே ஒன்றாகக் கலந்து, அடியில் மெல்லிய இரைச்சலோடு வந்தன.

"குலவை உட்டா சின்னது தாங்காதும்மா. சத்தம் கிழிஞ்சிடும்" என்றார் தமிழரசு.

"கொஞ்சம் தள்ளி வெச்சிக்கறேன். பாத்தா பயப்படக் கூடாது, அதான் எனக்கு முக்கியம். இது பாவம், ஒண்ணும் தெரியாத மாதிரி கீது."

சின்னதை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பேருந்து அம்பத்தூரைத் தாண்டுவதற்குள் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொம்பையே வாங்கியிருக்கலாமோ? மறுநாள் வேனின் சத்தத்தைப் பதிந்தார். அடுத்த நாள் குக்கர், துணி துவைப்பது, கம்பெனியில் அச்சு இறங்குகிற அடி. ஒவ்வொன்றையும் மாடிக்கு ஏறி வந்து என் காதில் வைப்பார். "நல்லா கீதா? இரைச்சல் ஜாஸ்தியா கீதா? மாத்திடலாமா?" நான் பதில் சொல்வதற்குள் இறங்கிப் போய்விடுவார். ஒருநாள் மாற்றுவதற்காகப் புறப்பட்டு, கரையான்சாவடி வரை போய்த் திரும்பியும் வந்துவிட்டார். அவர் கணவர் கலீல் ரகுமானுக்கு பைக் சீட்டு தைக்கும் கடை. "ஊட்ல இப்ப கொட்டாவி உட்டாக் கூட பதிவாயிடுதுப்பா" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

ஷர்மிளாவின் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியாயிற்று. பாட வருகிறவர்களிடமும் சொன்னார். கேமரா இல்லை என்பதால் எல்லோரும் சரி என்றார்கள். ஞாயிறு மதியம், உள்ளே போய்த் தடுமாற வேண்டாம் என்று தெருமுனையிலேயே பொத்தானை அழுத்தி, சிவப்பு விளக்கைப் பார்த்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நடந்ததை அவரே அன்று சாயங்காலம் சொன்னார். இரண்டு கையிலும் வளையல் தட்டு. வாசலில் பெண்ணின் தங்கை மெஹக், மஞ்சள் பையோடு நின்றிருக்கிறாள்.

"ஆன்ட்டி, போனு?"

"கைப்பையில கீது, எடுத்துக்கடி."

மெஹக் எடுத்துக்கொண்டாள். அக்கா உள்ளே போய், கைப்பையைப் பாயின் நடுவில், கொஞ்சம் தள்ளியே வைத்தார். அதன் வாயைத் திறந்து வைத்தார். பிறகு பாடினார்கள்.

"அந்த மாதிரி நாங்க பாடுனதே இல்லப்பா. மாப்பிள்ளையோட மூக்குல ஆரம்பிச்சேன். அவ பொண்ணூட்டு பிரியாணியில கறியத் தேட ஆரம்பிச்சா. சிரிச்சி சிரிச்சி ஒருத்திக்கு விக்கல் எடுத்துக்கிச்சு. நான் அப்பப்போ பையத் தொட்டுப் பாத்துக்கினே பாடுறேன்."

கிளம்பும்போது மெஹக் அவர் கையில் இரண்டு கறுப்புச் சாமான்களைக் கொடுத்தாள். "எதுக்கு ஆன்ட்டி உங்களுக்கு ரெண்டு போனு?"

இதைச் சொல்லும்போது அக்கா எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். காதில் ஹெட்போன். எனக்குக் கேட்கக் கொடுக்கவில்லை. பாட்டு எங்கேயோ மூன்று சுவருக்கு அப்பால் முனகலாக வருகிறதாம். மற்றதெல்லாம் போன்கள். ஒன்றின் மேல் ஒன்று அதிர்ந்து, அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்து. ஊரில் உள்ள அத்தனை புருஷன்மார்களும் அந்த மதியம் வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"இதோ, இது உங்க அண்ணாத்தே ரிங்டோனு. நாலு தபா அடிக்கறாரு."

கீழேயிருந்து கலீல் ரகுமானின் குரல் வந்தது. "பூட்டு சாவி எங்க வெச்சன்னு கேக்கலாம்னுதான் அடிச்சேன்!"

"நான் பாடுன பாட்டு மேல உன் சாவி உக்காந்துகினு கீது!" என்று கத்திவிட்டு அக்கா ஹெட்போனைக் கழற்றினார். "கொம்பு வெச்சத வாங்கியிருந்தா எவளாவது போனுன்னு நெனப்பாளா, சொல்லு? ஒண்ணும் தெரியாத மாதிரி கீதுன்னு நான்தானே இத எடுத்தேன்."

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஷாகிதா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே பெட்டி கட்டும் வேலை. ஜாகிர் ஒவ்வொரு பெட்டியையும் தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்து, எடை கூடுகிறது என்று மசாலாப் பொட்டலங்களை வெளியே எடுக்க, ஷாகிதா அவற்றைத் திரும்பவும் உள்ளே வைத்துக்கொண்டிருந்தாளாம்.

"பாடுடின்னா, மணப்பொண்ணு இல்ல, கைதட்ட ஆளு இல்ல, யார திட்டிப் பாடுறதுன்னு கேக்குறா. எங்க ரெண்டு பேர உட்டா யாரு கீறாங்க? ஜாகிர வெளிய அனுப்பிட்டு அவளையே திட்ட ஆரம்பிச்சேன்."

மத்தியானம் இரண்டு மணிக்கு ரெக்கார்டரோடு என் முன்னால் நின்றார். ஷாகிதாவின் போனில் போடுகிற மெமரி கார்டிலும் ஏற்றிக் கொடுக்க வேண்டும். முதலில் லேப்டாப்பில் ஏற்றச் சொன்னார். "ஆனா சத்தத்த மூடிக்கோ."

மூடினேன். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க, ஒலியின் படத்தை மட்டும் திரையில் திறந்தேன். பச்சைக் கோடு ஓரிடத்தில் பருத்தது, சுருங்கியது, மறுபடி பருத்தது. "பெருசா கீறதெல்லாம் நான்தான்" என்றார் அக்கா. சுருக்கமாக, ஊசி ஊசியாக இருந்தது ஷாகிதா. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து இடித்தது. நடுநடுவே உச்சி தட்டையாக வெட்டுப்பட்ட இடங்கள் இருந்தன. தமிழரசு சொன்னதுபோல் சத்தம் கிழிந்திருக்க வேண்டும்.

"இங்க குலவை போட்டீங்களா?"

"ரெண்டே பேரு. இருந்தாலும் போட்டோம்."

கடைசியில் நீளமாக ஒரு கோடு, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் ஓடியது. கெட்டுவிட்டதோ என்று எனக்குப் பதறியது.

"இங்க ஒண்ணுமே பதியல போல, அக்கா."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் அந்தக் கோட்டைத் தொட்டார்.

"பதிஞ்சிதான் கீது. அங்க பாட்டு இல்ல. அதுக்கு முன்னால நான் ஒரு வரி எடுத்தேன்." கொஞ்சம் யோசித்தார். "பாடுனாதான் நீ கேக்கக் கூடாது. சொன்னா பரவால்ல."

பேச்சுக் குரலிலேயே சொன்னார்:

"மூணு பொட்டி கட்டினியே, மொத்த ஊட்டக் கட்டினியே,
என்னத் திட்டும் வாயையும் நீ எடுத்துக்கினு போறியே."

"அவங்க பதில் சொல்லலையா?"

"வாயத் தொறந்தா. வரல. இத்தினி வருசத்துல மொத தபா. ஜெயிச்சிட்டேன்னு நான் கைதட்டியிருக்கணும். எனக்கும் கை வரல."

"அந்த இடத்த மட்டும் வெட்டிடவா?"

"வெட்டாத." தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தது. பாட்டு ஏறிய கார்டைப் பிடுங்காத குறையாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு படியில் இறங்கினார். பாதிப் படியில் நின்று மேலே பார்த்துச் சொன்னார்: "அவ அங்க போயி கேக்கட்டும். பதில யோசிச்சி அனுப்பட்டும். எத்தினி நாளானாலும் நான் ஒத்துக்கறேன்னு சொல்லித்தான் குடுக்கப் போறேன்."