ஏழாம் பக்கத்தில் இல்லாதவர்

பழனிமுத்து எந்தக் காகிதத்தையும் தொடுவதற்கு முன் விரல்களைத் துடைத்துக்கொள்வார். இடது கைச் சுண்டுவிரலில் தொடங்கி, லுங்கியின் மடிப்புக்குள் ஒவ்வொரு விரலாக நுழைத்து, நகத்திலிருந்து அடி வரை திருகித் துடைப்பார். பிறகு வலது கை. பத்தும் முடிந்ததும் கையை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். பெரும்பாலும் திருப்தி இருக்காது, மறுபடியும் சுண்டுவிரல். ரேஷன் கார்டோ கல்யாணப் பத்திரிகையோ, நீட்டியவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு ஜனவரிக் காலையில், மாரய்யன கெரேக் கரையில். ஏரியை மைசூரில் நாங்கள் தமிழ் பேசும்போதும் கெரே என்றுதான் சொல்வோம். அக்ரஹாரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் சிறிய அமைப்பில் எனக்குத் தட்டச்சு வேலை. நீர்நிலைகளைப் பற்றிய அறிக்கைகள்தான் அங்கே அதிகம். அந்த வருடம் மாரய்யன கெரேயை ராம்சர் பட்டியலுக்குப் பரிந்துரைக்கலாமா என்று பேச்சு எழுந்திருந்தது. உலகத்துக்கு முக்கியமான நீர்நிலைகளைக் காப்பாற்ற, ஈரானில் ராம்சர் என்ற ஊரில் 1971இல் நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தம் அது. பக்கத்திலிருக்கும் ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கு 2022இலேயே அந்த அங்கீகாரம் கிடைத்துவிட்டது. எங்கள் கெரேக்கு மங்கோலியாவிலிருந்து பட்டைத்தலை வாத்துகள் வருகின்றன, அதுதான் நம்பிக்கை.

வாத்துகளை எண்ணும் வேலை மேதா மேடத்துடையது. அவர்தான் எங்கள் அமைப்பின் ஆய்வாளர். மனிதர்களை எண்ணும் வேலை எனக்கு வந்தது. படிவத்தின் ஏழாம் பக்கம் அதற்கு: இந்த நீர்நிலையை யார் பயன்படுத்துகிறார்கள், எதற்கு, எத்தனை வருடமாக. முன்பின் தெரியாதவரிடம் மணி கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கரையில் தகரக்கூரை வீட்டில் இருப்பவர்கள் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர்கள், உனக்குச் சுலபம் என்று மேடம் அனுப்பிவிட்டார்.

பழனிமுத்து பிறந்தது கோபிநத்தத்தில். அவருடைய சின்ன வயதில், நோட்டுடன் வந்த யாரோ அவர் அப்பாவிடம் எத்தனை ஆடு என்று கேட்டிருக்கிறார். அப்பா உள்ளபடி நாற்பத்தொன்று என்றார். காட்டுக்குள் ஆடு விடக்கூடாது என்று அடுத்த வருடம் சொல்ல வந்தவர்களிடம் அந்த எண் இருந்தது. ஆடுகள் போயின. பிறகு பரிசல் ஓட்டக் கற்றுக்கொண்டு, மாதேவியைக் கல்யாணம் செய்து, இந்தக் கெரேக்கு வந்து இருபத்திரண்டு வருடம். தினமும் விடியும்போது வலை எடுப்பார். ஜிலேபி மீனும் கெண்டையும். மாதேவி பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு நஞ்சன்கூடு சாலையோரம் உட்கார்ந்தால் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். அவர்களுக்கு வேறு வருமானம் கிடையாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அன்றைக்கு நான் பார்த்தது இவ்வளவுதான். வாசலில் வட்டமாக ஒரு மேடை. அதன்மேல் பழைய சேலை விரித்து மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. விளிம்பில் சேலை ஒரு சாண் தூக்கியிருந்தது; அங்கே மூங்கில் பின்னலும் தார் பூசிய சாக்கும் தெரிந்தன. கவிழ்த்துப்போட்ட பரிசல். மாதேவி என் கண் போன இடத்தைப் பார்த்து நகர்ந்து வந்து, அந்த இடத்தை மறைத்து உட்கார்ந்துகொண்டார்.

நான் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். பழனிமுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டே, அந்தக் கெரேயில் யாரும் மீன் பிடிப்பதில்லை என்றார். நீங்கள்? தோட்ட வேலை, கெடச்ச வேலை என்றார். மேடை நல்லா இருக்கே என்று ஏதோ சொல்லவேண்டுமே என்று சொன்னேன்.

"மொளகா காயப்போடறதுக்குனு கட்டுனதுங்க தம்பி," என்றார் மாதேவி. "உங்க ஊட்லயும் வேணுமா?"

பழனிமுத்து விரல்களை மறுபடியும் முகர்ந்து பார்த்தார். எனக்கும் மீன் வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. பாதுகாப்பு, சரணாலயம் என்ற வார்த்தைகளுக்குப் பின்னால் என்ன வரும் என்று நானும் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். எழுதினால் இவர்களைக் கிளப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். 'பயன்படுத்துவோர்: இல்லை' என்று எழுதினேன். அவர் எழுத்துக்கூட்டி அதைப் படித்துப் பார்த்து, சரிதானுங்க என்றார். ஸ்கூட்டரில் திரும்பும்போது, யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்ததுபோல இருந்தது.

ஒருத்தர்கூடவா இல்லை என்று மேதா மேடம் கேட்டார். தலையாட்டினேன். ஆச்சரியம்தான் என்று சொல்லிவிட்டு அவர் வாத்துக் கணக்குக்குப் போய்விட்டார்.

ஆகஸ்டில் வரைவுத் திட்டம் தட்டச்சுக்கு என்னிடமே வந்தது. பதினாறாம் பத்தியை அடிக்கும்போது கை நின்றுவிட்டது. நீர்நிலையை ஏற்கெனவே அளவாகப் பயன்படுத்தி வாழ்பவர்கள் அப்படியே தொடரலாம். அவர்களும் அந்த நீர்நிலையின் பகுதி. ஏழாம் பக்கப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அடையாள அட்டை தரப்படும். புதிதாக யாரும் வலை போடக்கூடாது. ஆங்கிலத்தில் மூன்று தடவை படித்தேன். கன்னடத்திலும் இருந்ததை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டும் ஒன்றையேதான் சொல்லின. காப்பாற்றுவதற்காக வந்த காகிதத்திலிருந்து நான் ஒருவரைக் காப்பாற்றியிருந்தேன்.

மேடத்திடம் போய், ஒருவேளை ஒருவர் விட்டுப்போயிருக்கலாம் என்றேன். விட்டுப்போனது எப்படி என்று சொல்லவில்லை. களப் படிவத்தை நாம் திருத்த முடியாது, சம்பந்தப்பட்டவர் முப்பது நாளுக்குள் வனத்துறை ஆபீசில் ஆட்சேபம் கொடுக்கட்டும் என்றார்.

மறுநாளே கெரேக்குப் போனேன். பட்டியல் ஏற்கெனவே வனத்துறைக்குப் போயிருந்ததால், எனக்கு முன்னால் கெரேக் காவலாளி போய்ச் சொல்லியிருந்தார்: பட்டியலில் பெயர் இல்லை, பரிசலை எடுத்துவிட வேண்டும். இப்போது பரிசல் நிமிர்ந்து கிடந்தது. மறைக்க ஒன்றுமில்லை. பதினாறாம் பத்தியை நான் விளக்க, பழனிமுத்து தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அப்ப மீன் புடிக்கறேன்னு சொல்லியிருந்தா உட்டிருப்பாங்களாங்க?"

"ஆமாங்க."

"புடிக்கலைன்னு சொன்னதுனாலதான் புடிக்கக்கூடாதுங்கறாங்களா?"

"ஆமாங்க."

அவர் கெரேயைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு மறுபடியும், இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி என்றார். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே விளங்காமல் போயிற்று. வாத்துகளுக்காகத்தான் இத்தனையும் என்றால், வாத்து இவர் வலையில் ஒருநாளும் விழுந்ததில்லையே என்றார். நான் ஒப்புக்கொண்டேன்.

மாதேவிக்கு மட்டும் குழப்பம் இல்லை. "ஆமான்னு சொன்னா ஆடு போச்சு. இல்லேன்னு சொன்னா மீனு போச்சு. அடுத்த மொற எவனாச்சும் கேட்டா வாயில துணிய வெச்சுக்கய்யா," என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன பண்ணுவீங்க, ஊமையாட்டம் சொன்னத எழுதிக்கிட்டுப் போன புள்ள," என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சேலைக்கு அடியில் மூங்கிலைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் எழுதினேன் என்று. அதற்குப் பதிலாக ஆபீஸ் விலாசத்தையும் பஸ் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். விரல்களைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது, போனேனுங்க, ஆபீஸு பூட்டியிருந்துச்சு என்றார். அந்த வாரம் கணேச சதுர்த்தி வந்திருந்ததால் நம்பினேன். அடுத்த முறையும் பூட்டியிருந்தது என்றார். மூன்றாம் முறை நானே கூட்டிப்போகிறேன் என்றதற்கு, எதுக்குங்க உங்களுக்குச் செரமம், நான் பாத்துக்கறேன் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். தலைகீழாக நின்றாவது கேட்டுவாங்க வேண்டியவர், ஏன் இப்படி மெத்தனமாக இருக்கிறார் என்று எரிச்சல்கூட வந்தது. முப்பது நாள் தீர்ந்தது.

அக்டோபரில் பரிசலை டெம்போவில் ஏற்றி யாரோ வாங்கிப்போனார்கள். இருவரும் குண்டலுபேட்டைக்குப் போனார்கள். அங்கே காய்கறி மண்டியில் பழனிமுத்து மூட்டை தூக்குகிறார் என்று காவலாளி சொன்னார். கெரேயின் பெயர் பரிந்துரையிலேயே நிற்கிறது. ஒப்புதல் வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஜனவரியிலும் வாத்துகள் வந்தன.

இந்த மார்ச்சில் வேறொரு கோப்பைக் கொடுக்க அந்த ஆபீசுக்குப் போனேன். ஆட்சேபங்களைப் பதியும் குமாஸ்தா கணபதிராமன், என் பெயரைப் பார்த்துவிட்டு, மாரய்யன கெரே படிவத்துல கையெழுத்துப் போட்ட வினய் நீதானா என்றார். அந்தப் பரிசல்காரர் முப்பது நாளில் மூன்றாம் நாளே வந்தாராம். இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"படிவமெல்லாம் நானே நிரப்பிக் கொடுத்தேன்ப்பா. கையெழுத்துதான் பாக்கி. 'கணக்கெடுக்க வந்தவர் தவறாகப் பதிவு செய்தார்'னு ஒரு வரி இருக்கும், அதுக்குக் கீழ போடணும். படிச்சுப் பாத்துட்டு மாட்டேன்னுட்டார். அந்தத் தம்பி தப்பா எழுதலீங்க, நான் சொன்னத அப்படியே எழுதுச்சு, பொய் சொன்னது நானுங்க, அப்படி எழுதிக் குடுங்க போடறேன்னார். அதுக்கு அந்தப் படிவத்துல எடமில்லையே."